நாற்பத்தோரு நிமிஷம்

அந்த வெள்ளைக் காருக்கு மட்டும் நாற்பத்தோரு நிமிஷம் என்று காட்டியது. அதற்கு முன்னால் நுழைந்த தண்ணீர் லாரிக்கு இருபத்திரண்டு, அதற்குப் பின்னால் நுழைந்த டாக்சிக்கு இருபத்து மூன்று. ஒரே வரிசை, ஒரே சாவடி. பின்னால் வந்த டாக்சி வெளியே போய்க் கிட்டத்தட்டப் பதினெட்டு நிமிஷம் கழித்து இந்தக் கார் வெளியே வந்திருக்கிறது. ஜெரோம் ஒரு துண்டுக் காகிதத்தில் கழித்துப் பார்த்தான். கம்ப்யூட்டர் தப்பாகக் கழிக்காது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கழித்தான், ஏனென்றால் அந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் அவன் பெண்டாட்டி.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், மூடிக்கிடந்த ஒரு பீங்கான் கம்பெனியின் மாடியைப் பிடித்து, பத்து கம்ப்யூட்டர் போட்டுக் கலியமூர்த்தி நடத்திய ஆபீஸில்தான் அவன் இருந்தான். வளைகுடாவில் இரண்டு நாடுகளுக்கு நடுவே உள்ள ஓர் எல்லைச் சாவடியில் வண்டிகள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. அங்கே வரிசையின் வாலில் ஒரு காமிரா, சாவடியைத் தாண்டினால் இன்னொரு காமிரா. உள்ளே போகும் வண்டியின் படம் திரையில் இடது பக்கம் வரும், வெளியே வந்த வண்டியின் படம் வலது பக்கம் வரும். இரண்டிலும் நம்பர் ஒன்றாக இருந்தால் என்டரைத் தட்டிச் சேர்க்க வேண்டும். நிமிஷம் பதிவாகி, இரண்டு படமும் போய்விடும். வலது படம் சரியில்லை என்றால் எஃப் எட்டைத் தட்டித் தள்ளிவிடலாம். தள்ளினது தள்ளினதுதான், திரும்பி வராது. அந்த வண்டி இடது பக்கத்தில் மட்டும், இன்னும் உள்ளேயே நிற்கிற மாதிரி, சிவப்பு வரியில் நிமிஷம் ஏறிக்கொண்டே கிடக்கும்.

ஆன் மேரி அந்த நாட்டில் நர்ஸ். அங்கே மாதா கோயில் கிடையாது, பூசை பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை எல்லையைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி வேனில் எல்லா நர்ஸுங்களும் சேர்ந்து போகிறோம் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். வேனாவது வெங்காயமாவது! காரை ஓட்டியவன் ஆசீர்வாதம். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன், இதே விருத்தாசலத்து மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன், ஜெரோமுக்கு முன்னால் அவளைப் பெண் கேட்டு வந்தவன். பின்சீட்டில் யாராவது இருந்தார்களா என்று படத்தில் தெரியவில்லை. ஜெரோமுக்குத் தெரியவும் வேண்டாம். அவன் கண்ணுக்கு முன்சீட்டு மட்டும் போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் போன் செய்தபோது, எதுவும் தெரியாதவன் மாதிரி, எல்லையில் ரொம்பக் கூட்டமா என்று கேட்டான். கூட்டமே இல்லை, ஐந்து நிமிஷத்தில் தாண்டிவிட்டோம் என்றாள். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ஐந்து நிமிஷமாம்! மீதி முப்பத்தாறு நிமிஷம் எங்கே போயிற்று? அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஊரில் எத்தனையோ புருஷனுக்குச் சந்தேகம் வரும், நிமிஷக் கணக்கோடு யாருக்கும் வராது. சோற்றில் கை வைத்தால் முப்பத்தாறு. பாயில் படுத்தால் முப்பத்தாறு. அடுத்த வெள்ளிக்கிழமை ஐம்பத்தெட்டு காட்டியது. அன்றைக்கும் அவள் ஐந்து நிமிஷம் என்றுதான் சொன்னாள். கலியமூர்த்தியிடம் மேலோட்டமாகக் கேட்டுப் பார்த்தான். சோதனைக்கு ஓரங்கட்டச் சொல்லியிருப்பாங்க, நமக்கு எதுக்கு என்று அவர் டீயை உறிஞ்சினார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிருந்தது. கீழே ஜெனரேட்டர் ஓடியது. பக்கத்துக் கம்பெனியில் சூளை மூட்டியிருந்தார்கள், அதன் உறுமல் சுவர் வழியாக வந்து மேஜைக்குள் இறங்கி, மணிக்கட்டில் அதிர்ந்தது. ஜன்னல் வழியாக வந்த வெள்ளை மண் தூள் கீபோர்டு மேலும் கண்ணிமை மேலும் படிந்தது. ஈர மண்ணும் எரிந்த எண்ணெயும் கலந்த வாடை. ஒன்பது பேர் தட்டுகிற சத்தம், ஓட்டுக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

இடது பக்கத்தில் வெள்ளைக் கார் வந்தது. ஆன் மேரி ஆசீர்வாதத்தின் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெரோம் மற்ற வண்டிகளை எல்லாம் சேர்த்துக்கொண்டே காத்திருந்தான். பத்து, முப்பது, ஐம்பது. அறுபத்து மூன்றாவது நிமிஷம் வலது பக்கத்தில் கார் வந்தது. அவள் ஆசீர்வாதத்தின் சட்டையில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிடுகிறாள். அவன் சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறாள். கல்யாணத்தன்று போட்டோகிராபர் கெஞ்சியும் காட்டாத பல்லை இப்போது காட்டுகிறாள்.

"கெடங்க," என்றான் ஜெரோம், வாய்விட்டு. "ரெண்டு பேரும் அங்கியே கெடங்க."

எஃப் எட்டைத் தட்டினான்.

வலது படம் போய்விட்டது. இடது பக்கத்தில் அந்தக் கார் சிவப்பாக மாறியது. அறுபத்து நான்கு. அவனுக்குக் கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது. அப்புறம் மற்ற வண்டிகள் வந்தன, சேர்த்தான். எண்பது. நூற்றுப் பத்து. சும்மா ஒரு தரம் அந்தச் சிவப்பு வரியைத் திறந்து பார்த்தான்.

படத்தில் ஆன் மேரி ஆசீர்வாதத்தின் பக்கம் திரும்பியிருக்கவில்லை. நேராகப் பார்த்தாள்.

முதலிலேயே அப்படித்தான் இருந்ததோ என்று நினைத்தான். கண்ணைக் கசக்கினான், தூள் உள்ளே போய் எரிந்தது. அப்போதுதான் மொபைல் அதிர்ந்தது. அவள்தான். வெள்ளிக்கிழமை இந்த நேரத்துக்கு அவள் போன் செய்ததே இல்லை.

"ஏங்க, இன்னும் லைன்லதான் இருக்கறோம்," என்றாள். "நகரவே மாட்டேங்குது."

அவள் வெளியே வந்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். இந்தக் கையால்தான் தள்ளினான். ரொம்ப வண்டி நிற்குதா என்று கேட்டான்.

"முன்னாடி ஒரு வண்டியும் இல்லீங்க. பின்னாடியும் இல்ல. ஆனா லைன் நகரல." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஏதோ தட்டுற சத்தம் மட்டும் விடாம கேக்குது. பயமா இருக்குது."

ஜெரோம் தலையைத் தூக்கினான். ஒன்பது பேரும் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் எல்லோரும் சேர்ந்தாற்போல் நிறுத்தினார்கள். போனில் அவளைச் சுற்றியும் சத்தமே இல்லை. மறுபடி தட்டினார்கள். அவள் சின்னதாகக் கத்தினாள்.

அப்போது நல்ல புருஷனாக இருந்திருந்தால் என்ன கேட்டிருக்க வேண்டுமோ அதை அவன் கேட்கவில்லை. அவன் வாயில் வேறொன்று தயாராக நின்றது.

"அவன் பக்கத்துல நீ ஏன் குந்திக்கிட்டு இருக்கற?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு, மெதுவாக, "அவரு பேசவே மாட்டேங்கறாருங்க. ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு இருக்காரு. தொட்டுப் பாத்தேன்..."

தொட்டாளாம். ஜெரோமுக்குக் காதில் சூளை உறுமியது. அவள் அதற்கு மேல் என்ன சொன்னாள் என்பது விழவில்லை. லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தான். கிடைக்கவில்லை.

எழுந்து கலியமூர்த்தியிடம் ஓடினான். தள்ளின படம் ஒன்றைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றான். அவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சர்வரிலும் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு படம் வந்ததாகவே பதிவில்லை. வெயிலில் வந்தது, கொஞ்சம் மோர் குடி என்று அனுப்பிவிட்டார். ஜெரோம் திரும்பி வந்து உட்கார்ந்தான். நூற்றறுபது. படத்தில் அவள் முன்பக்கம் குனிந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில் பதிந்திருந்தன. சிரிப்பில்லை. ஆசீர்வாதத்தின் முகம் தெரியவில்லை, அங்கே கண்ணாடி வெளுத்திருந்தது.

மாதாவே, அந்த வண்டி வந்துவிடட்டும். சேர்த்துவிடுகிறேன். யாரோடு வந்தாலும் சேர்த்துவிடுகிறேன். அவன் நிஜமாகத்தான் வேண்டினான். வலது பக்கத்தையே பார்த்தான். லாரி. வேன். லாரி. பஸ். இருநூறு. இருநூற்றுப் பத்து.

வந்தது.

அதே வெள்ளைக் கார், அதே நம்பர். ஸ்டியரிங்கில் ஆசீர்வாதம், முகம் நன்றாகத் தெரிந்தது, அழுதுகொண்டிருந்தான். பக்கத்துச் சீட்டு காலி. சீட் பெல்ட் மட்டும் மாட்டியபடி குறுக்கே இருந்தது.

அவன் தனியாக வருகிறான். அவளை விட்டுவிட்டு வருகிறான். அவள் அவனோடு இல்லை!

அந்த ஒரு நொடியில் ஜெரோமுக்குப் பொங்கிய சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. இரண்டு வாரமாக எரிந்த வயிற்றில் பால் வார்த்த மாதிரி. காலியான அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்தே விட்டான். அந்தச் சிரிப்போடு விரல் தானாக என்டரில் விழுந்தது.

இருநூற்றுப் பதினான்கு நிமிஷம் என்று பதிவானது. இடது படம் போயிற்று. வலது படமும் போயிற்று. சிவப்பு வரி இல்லை. உள்ளே சிக்கி நிற்கும் வண்டி ஒன்றுமில்லை என்று திரை சொன்னது.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

இடது பக்கத்தில் அவள் இருந்தாள். கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு. அவளை உள்ளேயே வைத்துக் கணக்கை மூடியிருக்கிறான்.

போனை எடுத்தான். ரிங் போகவில்லை. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி அடித்தான். அதே குரல். சூளை உறுமியது. கை முழுக்க வெள்ளைத் தூள். துடைத்தான். போகவில்லை.

இடது பக்கத்தில் அடுத்த வண்டி வந்தது.

தண்ணீர் லாரி. ஸ்டியரிங்கில் தாடி வைத்த டிரைவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. பக்கத்தில் ஆன் மேரி.

வலது பக்கத்தில் அதே லாரி வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. டிரைவர் மட்டும் இருந்தான். பக்கத்தில் யாருமில்லை.

அவன் சேர்க்கவில்லை. கை வைக்கவே பயந்தான். அவன் தட்டாமல் விட்டது பக்கத்து மேஜைக்குப் போயிற்று, அங்கே யாரோ தட்டிச் சேர்த்தார்கள். லாரி மறைந்தது.

அடுத்தது டாக்சி. கண்ணாடி போட்ட ஒரு கிழவன், அவன் பக்கத்தில் ஆன் மேரி. அடுத்தது வேன். சின்ன வயசுப் பையன் ஓட்டுகிறான், பக்கத்தில் ஆன் மேரி. அடுத்தது. அடுத்தது. ஒவ்வொரு வண்டியிலும் வேறு வேறு ஆம்பிளை. ஒவ்வொருவனுக்கும் பக்கத்தில் அவன் பெண்டாட்டி, பெல்ட் போட்டு, கண்ணாடியில் கை வைத்து, நேராக ஜெரோமையே பார்த்துக்கொண்டு. ஒருத்தனும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் வாய் அசைந்திருந்தது, படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சொல்லைச் சொல்லி முடிக்கிற மாதிரி.

ஒன்பது பேரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். வண்டிகள் வலது பக்கத்தில் வந்துகொண்டே இருந்தன. ஒரு வண்டியிலும் அவள் வெளியே வரவில்லை.