கோத்து வைத்த அட்டைகள்

ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. மனோரமா பெட்டியைத் திறந்தவள், அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

நூற்று நாற்பது அட்டைகள்... மூன்று மாத உழைப்பு! ஒவ்வொன்றிலும் அவள் எழுதிய புரோகிராமின் ஒரு வரி, துளைகளாகக் குத்தியிருந்தது. அந்தத் துளைகளைப் படித்துத்தான் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். இன்று மாலை ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் ஒரு வருடப் படிப்பு வீண். அந்த அட்டைகளின் ஓரத்தில் யாரோ ஊசியால் குத்தி, ஒன்றோடு ஒன்றாக நூலில் கோத்து வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ? அந்த முடிச்சு மாமியார் கோவிந்தம்மாளின் கைமுடிச்சு. சேலைக் கரையில் பூ வருவதற்காக ஜக்கார்டு தறியில் மாட்டும் துளை போட்ட டிசைன் அட்டைகளை அவள்தான் கோப்பாள்.

கல்யாணமான மறு வருடம் மனோரமாவுக்கு இந்தப் படிப்பில் இடம் கிடைத்தது. கணவன் நாகேந்திரன் போய்ப் படி என்றான். மாமியார் வாயே திறக்கவில்லை. அந்த மௌனம்தான் மனோரமாவை இரண்டு வருடமாக அரித்தது. விடியுமுன் எழுந்து சமைத்து, தறிக்கு வேண்டிய ஊடை நூலை முடிந்தவரை தார்க்குச்சிகளில் சுற்றி வைத்துவிட்டு, மெட்ராஸுக்கு ஓடுவாள். அங்கே ஜன்னலில் அட்டைகளைக் கொடுத்தால் மறுநாள்தான் முடிவு வரும். ஒரு கமா தவறியிருந்தால் திரும்பவும் முதலிலிருந்து. இத்தனை பாட்டுக்கும் மாமியார் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நான் படிக்கிறது புடிக்கலன்னா நேராவே சொல்லியிருக்கலாமே அத்த... இப்டியா பண்ணுவீங்க?"

தறிப்பக்கமிருந்து வந்த கோவிந்தம்மாள் பதறிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயோ, கெடுக்கணும்னு பண்ணலம்மா. நேத்து பெருக்கறப்போ பெட்டி கவுந்து எல்லாம் செதறிப்போச்சு. மூலையில நம்பர் இருந்திச்சு, பாத்து அடுக்கினேன். மறுபடி செதறக் கூடாதேன்னு கோத்தேன். அட்ட மாறினா பூ கோணிப்பூடும்... ஒன்னுதும் அப்டித்தானேன்னு நெனச்சேன்."

நினைத்ததில் பாதி சரி. வரிசை மாறினால் மனோரமாவின் கணக்கும் கோணிப்போகும். ஆனால் ஓரம் குத்துப்பட்ட அட்டை இயந்திரத்தில் சிக்கிக் கிழிந்துவிடும். அத்தனையையும் புதிதாகக் குத்தவேண்டும் என்று மனோரமா விசும்பலுக்கு நடுவே சொன்னாள். ஒற்றை ஆளாக ஒரே நாளில் எப்படி முடியும்?

கோவிந்தம்மாள் மகனைக் கூப்பிட்டு இன்று தறி நின்றால் நிற்கட்டும் என்றாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"எழுந்திரு. ரயிலு போயிடும்."

பல்கலைக்கழகத்தில் அட்டை குத்தும் பஞ்ச் மெஷின் அறைக்காரர் சிவப்பிரகாசம், வெளியாட்களை விடமுடியாது என்றார். வெளியாள் இல்லை, என் மாமியார் என்று சொல்லி மனோரமா அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். மெஷின் கிடைக்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. கோவிந்தம்மாள் நூலை அறுத்து, ஒவ்வொரு அட்டையாக வரிசை தப்பாமல் எடுத்துக் கொடுத்தாள். மனோரமா தட்டிக்கொண்டே போனாள். சாப்பாட்டு நேரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

தொண்ணூறாவது அட்டையில் கோவிந்தம்மாள் அவள் கையைத் தடுத்தாள். பழைய அட்டையையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தாள்.

"இதுல ஒரு ஓட்ட எடம் மாறியிருக்குது, பாரு."

இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவள்! மனோரமா திகைத்துப்போய்ப் பார்த்தாள். தப்புதான். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தப்புகளையும் அவளே பிடித்துக் கொடுத்தாள்.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அட்டைகள் ஜன்னலுக்குள் போய்ச் சேர்ந்தன. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் மனோரமாவால் பொறுக்க முடியவில்லை.

"காலையில பேசினதுக்கு மன்னிச்சிடுங்க அத்த..."

"நீ பேசினது முழுப் பொய் இல்லம்மா. மொத வருஷம் நீ பாதியில வுட்டுட்டு வரணும்னு மலைக்குப் போயி முருகன்கிட்டயே வேண்டிகினேன். அப்பால ஒரு நாளு டேசன்ல நீ தூண புடிச்சி நின்னுகினே தூங்கினத பாத்தேன். அன்னியிலேர்ந்து வேண்டறத நிறுத்திட்டேன். நீ மிச்சம் வுட்டுட்டுப் போற தார நான்தான் சுத்தறேன்."

அதையெல்லாம் நாகேந்திரன் சுற்றுகிறான் என்றே மனோரமா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சுற்றிலும் பையன்கள் பார்க்கிறார்களே என்றுகூட எண்ணாமல் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோவிந்தம்மாளும் அழுதாள். பிறகு முந்தானையால் மருமகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"முடிவு எப்ப குடுப்பாங்க?"

"நாளைக்கிப் பத்து மணிக்கி அத்த."

"ஆங், நானும் வரேன். தப்பு வந்திருந்தா நீ தட்டு... நான் பாக்கறேன்."