சிட்டுக்கு ஆள் தெரியவில்லை

மூன்றாம் கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் காலையில் சண்டை நடந்ததா என்று தெரிந்துகொள்ள யாரும் ஜன்னலில் காதை வைப்பதில்லை. வாசலில் நிற்கும் வண்டியின் நிறத்தைப் பார்த்தால் போதும். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளாத வீட்டு வண்டி பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக நிற்கும். சம்பளம் உயர்ந்தவன் வண்டி மாம்பழ நிறத்தில் தெருவையே கூசவைக்கும். முதல் கோயம்புத்தூர் பூமியில் இருக்கிறது, இரண்டாவது நிலாவில், மூன்றாவது செவ்வாயில். நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒரு கப்பல் போகிறது. ஜன்னலோர இடம் மட்டும் கிடைக்காது.

வண்டிகளுக்கு இந்த ஞானம் உணர்தோலால் வந்தது. இருக்கையின் மேல் போர்த்திய மெல்லிய தோல் அது. உட்காருபவரின் உடம்புச் சூடு, நாடித் துடிப்பு, கால் நடுக்கம் எல்லாவற்றையும் அது வாங்கிக்கொள்ளும். தொட்ட நொடியே பழகத் தொடங்கி, நாலைந்து நாளில் ஆளை முழுக்கப் பழகிவிடும். பிறகு அவர் மனசுக்கேற்றபடி வண்டி தன் நிறம், குரல், பாட்டு, நடை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும். பணக்கார வண்டிகளில் மட்டும் இருந்த இந்த வசதியை முதல்முறையாக மலிவு விலைக்குக் கொண்டுவந்த குட்டி வண்டிக்குச் 'சிட்டு' என்று பெயர். புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காகச் செய்தது. நான்கு பேர் உட்காரலாம், அவர்களுக்குள் மனத்தாங்கல் இல்லாவிட்டால்.

புது மாதிரி வண்டியை விற்பனைக்கு விடுமுன் அதில் ஒன்றை ஒரு குடும்பத்தோடு ஒரு மாதம் வாழவிடவேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டு ஆட்களை அது பழகிக்கொண்டால் அவர்களுக்கே சொந்தம். பழகாவிட்டால் அந்த மாதிரியே ரத்து. வண்டியை உருக்கித் தண்ணீர்க் குழாய் செய்துவிடுவார்கள்.

சிட்டு வந்து சேர்ந்தது சென்னியப்பன் வீட்டுக்கு. அவர் மகள் நிறைமதிக்குக் காளான் பண்ணையில் அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. அதுவரை அப்பாவின் வண்டியில்தான் போய் இறங்கினாள். அது அப்பாவைப் பழகிய வண்டி. எந்நேரமும் சாணிப் பச்சையில் இருக்கும்; ஒவ்வொரு திருப்பத்திலும் "பாத்து, பாத்து" என்று முனகும்.

சிட்டைக் கண்டதும் நிறைமதிக்கு உயிர் வந்தது. ஆனால் சிட்டு பழகவில்லை. அதில் உட்கார்ந்து பாடினாள், சிரித்தாள், பண்ணையில் திட்டு வாங்கிய அன்று வழி முழுக்க அழுதாள். தொழிற்சாலைச் சாம்பல் நிறம் இம்மியும் மாறாமல், "வணக்கம், பயணியே. எங்கே போகவேண்டும்?" என்றது அது.

மாத முடிவில் மதிப்பீட்டாளர் வந்தார். இயந்திர மனிதர். செவ்வாயில் ஓடும் அத்தனை வண்டிகளும் அவர் கைபட்டவை.

"வாங்க, வாங்க. கொஞ்சம் கரண்டு சாப்படறீங்களா?" என்றாள் சென்னியப்பனின் மனைவி துளசிமணி.

"வேண்டாம் அம்மா. இப்போதுதான் ஏற்றிக்கொண்டு வந்தேன்."

"அரை யூனிட்டாவது எடுத்துக்கோங்க. எங்கூட்டுக்கு வந்துட்டு வெறுமனே போனா எப்படிங்க?"

அரை யூனிட்டை வாங்கிக்கொண்டு சிட்டின் பக்கம் போனார். விளக்கையும் சக்கரத்தையும் பார்த்தார். இருக்கையை விரலால் அழுத்தி, "இருக்கை: பரவாயில்லை" என்று பதிந்துகொண்டார். எல்லா வண்டிக்கும் அவர் அதையேதான் சொல்வது வழக்கம். பிறகு நிறைமதியை உட்காரச் சொன்னார்.

"வணக்கம், பயணியே," என்றது சிட்டு.

"பழகவில்லை. வருந்துகிறேன். உருக்காலைக்குச் சொல்லிவிடுகிறேன்."

நிறைமதி இறங்கவில்லை. "கொழா பண்றதுன்னா என்னையுஞ் சேத்துப் பண்ணுங்க," என்று இருக்கையில் இன்னும் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். இருக்கை சரக் சரக்கென்றது.

மதிப்பீட்டாளர் தலையைச் சாய்த்தார். "அது என்ன ஓசை? இந்த வண்டிக்கு அப்படி ஓர் ஓசை கிடையாதே."

"வண்டியோடது இல்லீங்க," என்றார் சென்னியப்பன். "சீட்டு மேல இருக்கற பிளாஸ்டிக் கவரு. கம்பெனில சுத்தி அனுப்புனது."

"அதைப் பிரிக்கவில்லையா?"

"பிரிச்சாப் பழசாயிருமுங்களே."

"எங்கூட்டு சோபாவே இன்னும் பிரிக்கலீங்க," என்றாள் துளசிமணி. "இவ பொறக்கறதுக்கு முன்னால வாங்குனது. இன்னிக்கும் புத்தம்புதுசா இருக்குது. வழுக்குதுன்னு ஒருத்தரும் உக்கார்றதில்ல."

மதிப்பீட்டாளர் குனிந்து சிட்டின் கதவைத் தட்டிக்கொடுத்தார். "அப்படியானால் இது ஒரு மாதமாகப் பிளாஸ்டிக்கோடு பழகிக்கொண்டிருக்கிறது. பாவம், என்ன முயன்றிருக்குமோ. பிரிக்கலாமா?"

"நாளைக்கு வித்தா வெல போகோணுமல்லங்க. ஒரு வருசம் போகட்டுமே."

"அப்பா, இப்பப் பிரிக்கலீன்னா விக்கறதுக்கு வண்டியே இருக்காது," என்ற நிறைமதி எழுந்து, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பிள்ளைக்குக் காது குத்துவதைப் பார்க்க மாட்டாத தகப்பன்போலச் சென்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். சிட்டு வணக்கம் சொல்லவில்லை. கதவோரத்தில் சாம்பல் கரைந்து, வாழைக்குருத்தின் நிறம் மெல்லப் பரவியது.

"ஏங் கண்ணு, காலு இந்த நடுங்கு நடுங்குது?" என்றது. "நான் எங்கயும் போகுல."

மதிப்பீட்டாளர் தேர்ச்சி என்று பதிந்தார். நிறைமதி ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொண்டாள். கை சரக்கென்றது. திருப்பிப் பார்த்தாள். ஐந்து விரல் நுனியிலும் கண்ணாடிபோல் ஓர் உறை. கட்டைவிரலில் 'பயன்படுத்தும் முன் அகற்றவும்' என்ற துண்டு ஒட்டியபடியே இருந்தது.

"இதோடதான் இத்தன வருசமா எல்லா வண்டி சீட்டையும் அமுக்கிப் பாத்தீங்களா?"

அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முதல்முறையாக ஏட்டுத் தமிழை விட்டுக் கீழே இறங்கினார்.

"இருக்கட்டும் அம்மிணி. நாளைக்கு என்னைய வித்தாலும் வெல போகோணுமல்ல."

சென்னியப்பனுக்கு இருந்த வருத்தமெல்லாம் போய்விட்டது. தூரத்து உறவுக்காரரைக் கண்டுபிடித்தவர்போல அவர் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போனார்.

"இன்னொரு அரை யூனிட்டு சாப்ட்டுத்தான் போகோணும். இப்படி சோபாவுல உக்காருங்க. பாத்து, வழுக்கும்."