திறப்பு யாருக்கு?

மூடியைத் திறந்த விமலாதேவி கத்தவில்லை. கையிலிருந்த அகப்பைதான் சிமெண்ட் தரையில் விழுந்து சத்தம் போட்டது.

தோசை மாவின் நடுவில் ஓர் எலி கிடந்தது. செத்த எலி.

1977 ஜூலை. சிட்னி, ஹோம்புஷ். காலை 9.10.

கவுன்சிலின் சுகாதார அதிகாரி பார்க்கர் ஓரடி பின்வாங்கினார். பேனாவை மூடினார்.

வீடுகள் மட்டுமே இருக்க வேண்டிய தெரு அது. அங்கே சமைத்து விற்பதென்றால் கவுன்சிலின் தனி அனுமதி வேண்டும். அதையும் நிபந்தனைகளோடுதான் தருவார்கள். புகை போகக் கூண்டு, கழுவ இரண்டு தொட்டி, கார் நிறுத்த இடம். எல்லாவற்றையும் விமலாதேவி செய்து முடித்திருந்தாள். கணவன் இறந்து ஒரு வருடம். இந்தக் கராஜ் கடையை நம்பி, ஆஸ்பத்திரிக் குசினியில் சமைக்கும் வேலையைப் போன வாரம்தான் விட்டிருந்தாள். இன்றைய சோதனைதான் கடைசி நிபந்தனை.

"எலி நடமாடும் இடத்துக்கு அனுமதி இல்லை" என்றார் பார்க்கர். "மன்னிக்கவும்."

"இது பக்கத்து வீட்டுக் கிழவன்ர வேலை!" விமலாதேவியின் தங்கை நாகேஸ்வரி வெடித்தாள். "கறி மணக்குது எண்டு கவுன்சிலுக்கு எழுதினவன் அவன்தானே!"

விக்னராஜா அவளைக் கையமர்த்தினான். அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய நண்பன். வேறொரு கவுன்சில் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. விமலாதேவியின் விண்ணப்பத்துக்குப் படம் வரைந்தது, அதிகாரிகளிடம் பேசியது எல்லாம் அவன்தான்.

"கராஜைப் பூட்டித்தான் வைத்திருந்தார்களா?" என்று பார்க்கர் கேட்டார்.

விக்னராஜா ஆங்கிலத்தில் பதில் சொன்னான். "ஆமாம், சார். பூட்டு அப்படியே இருந்தது. ஒரே சாவி. அது விமலாதேவியிடம்தான் இருக்கிறது. எலி தானாகத்தான் நுழைந்திருக்க வேண்டும்."

அப்போதுதான் சந்திரகலா வாய் திறந்தாள். எதிர் ஃப்ளாட்டில் குடியிருப்பவள். திருச்சிக்காரி. ஆஸ்பத்திரியில் நுண்ணுயிர்ப் பரிசோதனை வேலை. முதல் தோசைக்கென்று அழைத்திருந்தார்கள்.

"சார், இது தானா வந்த எலி இல்லை."

ஆங்கிலத்தில்தான் பேசினாள்; அவள் குரல் மெல்லியது. பார்க்கர் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"பாருங்க. மாவு முழுசாப் பொங்கியிருக்கு. ராத்திரியே எலி விழுந்திருந்தா, பொங்குற மாவு அதை மூடியிருக்கும். இது முதுகு நனையாம மேலயே கிடக்குது. எலியைச் சுத்தி மட்டும் மாவு அமுங்கியிருக்கு. பொங்கி முடிச்ச பிறகு விழுந்திருக்கு. அதாவது இன்னைக்குக் காலையில."

ஒரு கரண்டியால் எலியின் வாலைத் தொட்டாள். அது வளையவில்லை.

"எலி விறைச்சிருக்கு. செத்துப் பல மணி நேரம் ஆச்சு. செத்த எலி மூடியைத் தூக்கிட்டு உள்ள குதிக்காது, சார்."

பார்க்கர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த தெருவில் எனக்கு வேலை இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு வருவேன். யார் போட்டது என்று காட்டுங்கள். இல்லாவிட்டால் மறுத்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை."

அவர் போன பிறகும் விமலாதேவி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

சந்திரகலா கதவைப் பார்த்தாள். பூட்டில் கீறல் இல்லை. ஜன்னலில் கம்பி வலை, கிழியவில்லை. மாப்பானை இரவு முழுக்க வெந்நீர்த் தொட்டியின் அருகே, பழைய கம்பளி சுற்றி, மரப்பெட்டிக்குள் இருந்தது. சிட்னிக் குளிரில் அப்படி வைத்தால்தான் மாவு புளிக்கும்.

"காலைல திறந்தப்போ கம்பளி எப்படி இருந்துச்சு, அக்கா?"

"நான் சுத்தின மாதிரியே இருந்தது, பிள்ளை. நேற்று இரவு பூட்டினாப் பிறகு அந்த அதிகாரி வரும் வரைக்கும் நான் உள்ளுக்குப் போகேல்லை. மாவைக் குழப்பக்கூடாது எண்டு."

பக்கத்து வீட்டுக்காரன் என்றால் எலியைத் தரையில் எறிந்திருப்பான். இவ்வளவு கம்பளிக்குள் மாவு இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கம்பளியைப் பிரித்து, எலியைப் போட்டு, மறுபடி பக்குவமாகச் சுற்றியும் வைத்திருக்கிறார்கள். இது வீட்டுப் பழக்கம் தெரிந்த கை.

நாகேஸ்வரி வீட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சாவி வேற யார்கிட்டயாவது இருக்கா, நாகு?"

"வெளி ஆக்கள் ஒருத்தரிட்டயும் இல்லை."

"காலைல யாரு வந்தாங்க?"

"ஒருத்தரும் வரேல்லை. நான் முன்பக்கம் கூட்டிக்கொண்டு நிண்டனான். அக்கா குளிச்சவ. பின்பக்க ஒழுங்கை வழியால ஆர் வந்தாலும் எங்களுக்குத் தெரியாது."

"விக்னராஜா?"

"அவர் அந்த அதிகாரியோடதானே வந்தவர். பாவம், எவ்வளவு உதவி! பூட்டுக்கூட அவர்தான் வாங்கித் தந்தவர். நல்ல பகிடிக்காரன். 'நாகு, ஒரு திறப்பு அக்காவுக்கு, ஒரு திறப்பு எனக்கு' எண்டு சொல்லிச் சிரிச்சவர். சீனி போடவோ?"

"அரை ஸ்பூன்."

அவரும் கடை திறக்கப் போகிறார் போலிருக்கிறது என்று சந்திரகலா நினைத்துக்கொண்டாள். தேநீரைக் குடித்தாள். யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

11.45. விமலாதேவி முன்னறைக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். விக்னராஜா அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். "விடுங்கோ அக்கா. ஆஸ்பத்திரியில திரும்பவும் கேட்டுப் பாப்பம்."

நாகேஸ்வரி கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கடைக்குப் போட்டு வாறன். வீட்டுத் திறப்பு எங்க?"

சந்திரகலா எழுந்தாள். "என்ன எங்க?"

"திறப்பு."

"திறப்புன்னா?"

நாகேஸ்வரி கதவருகே ஆணியில் தொங்கியதை எடுத்து ஆட்டிக் காட்டினாள். "இதுதான். நீங்கள் சாவி எண்டு சொல்லுறது. இவ்வளவு நாளும் எங்களோட பழகியும் தெரியாதே?"

சந்திரகலா அந்தச் சாவியையே பார்த்தாள். திருச்சியில் திறப்பு என்றால் திறப்பு விழா. ஒரு திறப்பு அக்காவுக்கு. ஒரு திறப்பு எனக்கு.

12.00. பார்க்கர் வந்தார். எல்லோரும் பூட்டிய கராஜின் வாசலில் நின்றார்கள்.

"விக்னராஜா அண்ணா" என்றாள் சந்திரகலா. "உங்க சாவிக்கொத்தைக் கொஞ்சம் குடுங்க."

"ஏன்?"

"குடுங்க."

அவன் சிரித்தான். "இதென்ன பகிடி? உமக்கென்ன விசரே?"

அவன் கை மட்டும் கோட்டுப் பையை விட்டு வெளியே வரவில்லை. விமலாதேவி அந்தக் கையையே பார்த்தாள்.

"குடு, தம்பி" என்றாள்.

மூன்றாவது சாவி பூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பூட்டு திறந்தது.

"பூட்டு வாங்கினா ரெண்டு சாவி வரும்" என்றாள் சந்திரகலா. பிறகு பார்க்கருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். "ஒன்றுதான் என்று இவர் உங்களிடம் சொன்னார். இன்னொன்றைத் தானே வைத்திருந்தார். நாகு அதை என்னிடம் காலையிலேயே சொல்லிவிட்டாள். எனக்குத்தான் அவள் தமிழ் புரியவில்லை."

நாகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்கள் வெளி ஆக்களைத்தானே நினைச்சுக் கேட்டீங்கள் எண்டு... இவர் எங்கட ஆள்..."

விக்னராஜா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஸ்டேசனடியில கடை ஒண்டு எடுத்திட்டன், அக்கா. சாப்பாட்டுக் கடை. உங்களுக்குச் சொல்ல வாய் வரேல்லை. ரெண்டு கடை ஓடுற அளவுக்கு இஞ்ச தமிழ்ச் சனம் இல்லை."

"அவர் செத்த அண்டைக்கு" என்றாள் விமலாதேவி, "நீதானேயடா ஓடி ஓடி எல்லாம் செய்தனீ? இந்தக் குசினியில நிண்டு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தனீ."

பார்க்கர் தொண்டையைக் கனைத்தார். "வேண்டுமென்றே போட்டது என்று நான் எழுதினால் உங்கள் அனுமதிக்குத் தடையில்லை. ஆனால் யார் போட்டது என்றும் எழுத வேண்டும். இவர் பெயர் என்ன?"

விக்னராஜா சட்டென்று நிமிர்ந்தான். "அக்கா, வேண்டாம். நானும் கவுன்சிலிலதான் வேலை செய்யிறன். இவர் ஒரு போன் போட்டால் என்ர வேலை போயிடும். ஆரோ வெளியாள் எண்டு சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"அக்கா..." என்றாள் நாகேஸ்வரி.

பார்க்கர் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். விமலாதேவி தன் கராஜைப் பார்த்தாள். புகைக்கூண்டு. பளபளக்கும் இரண்டு தொட்டிகள். எலி கிடந்த பானை.

"விக்னராஜா" என்றாள்.

பார்க்கர் தடுமாறினார். "விக்... எப்படி எழுதுவது?"

அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். ஆஸ்பத்திரியில், கவுன்சிலில், வங்கியில் தன் பெயரை இத்தனை வருடமாக எப்படிச் சொல்லி வந்தாளோ அப்படியே, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வீ. ஐ. ஜீ. என். ஏ..."

ஓர் எழுத்தைக்கூட விடவில்லை.