இடப்பக்கக் கண்ணாடி

யுஸ்னிடார் லாரிக் கொட்டகைக்குள் நுழைந்தபோது காலை ஏழு மணி. வெளிச்சமோ அந்தி நேரத்து வெளிச்சம். தெற்கே சதுப்புக்காடு தீப்பிடித்துப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. மரம் அணைந்தாலும் மண் அணையாது, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். சுமத்ராவின் ரியாவ் மாகாணம் முழுக்கப் புகை. சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் அழுகிய ஆரஞ்சுப் பழம்போல ஏதோ ஒன்று தொங்கியது.

அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒன்பது வருஷமாக, எண்ணெய் எடுக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவள். நகமெல்லாம் மஞ்சள் பாய்ந்து, இரண்டு விரலில் கழன்றே விட்டது. பெண்களுக்கும் லாரி ஓட்டக் கற்றுத்தரப் போவதாக நிர்வாகம் சொன்னதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். நாற்பது நாள் பயிற்சி. பழக்குகிற டிரைவர் கையெழுத்துப் போட்டால் லாரி. போடாவிட்டால் மறுபடி பம்பு.

கையெழுத்துப் போட வேண்டியவர் தோகார். இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். தோபா ஏரிப் பக்கத்து பத்தாக் இனத்து ஆள். சும்மா பேசினாலே சண்டை போடுவது போலிருக்கும். ஒன்பதாம் நம்பர் லாரியின் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"மருந்தடிக்கிறவ நீதானா?"

"ஆமா, அபாங்."

"அண்ணன் தம்பி உறவெல்லாம் வீட்டுல வச்சுக்க. டயரைத் தட்டிப் பாரு."

இரும்புத் தடியை எடுத்துப் பத்து டயரையும் தட்டினாள். எண்ணெய் அளவு பார்த்தாள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினாள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிகளைத் துடைக்கப் போனபோதுதான் கவனித்தாள்: வலப்பக்கக் கண்ணாடி பளிச்சென்றிருந்தது. இடப்பக்கக் கண்ணாடி முழுக்கச் சேறு. தெறித்த சேறு இல்லை. கையால் அப்பிய சேறு. ஐந்து விரல் தடமும் அதில் காய்ந்திருந்தது.

ஈரத்துணியை வைத்தாள்.

"தொடைக்காத!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் பாதிக் கண்ணாடி அதற்குள் துலங்கிவிட்டது. தோகார் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலே ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார்.

வேலை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பிளாக்கிலும் வெட்டிய பழக்குலைகளைப் பாதையோரம் குவித்திருப்பார்கள். லாரியைப் பின்பக்கமாக அந்தக் குவியலுக்கு ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இரண்டு ஆள் கூர்க்கம்பியால் குலையைக் குத்தித் தூக்கிப் பெட்டியில் எறிவார்கள். நிறைந்ததும் ஆலைக்குப் போய்க் கொட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து நடை. ஆனால் பாதை செம்மண் சேறு. இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர் நிற்கும் வாய்க்கால். ஒரு சாண் தப்பினால் வண்டி கவிழும்.

முதல் வாரம் முழுக்க வசவுதான். "கிளச்ச மிதிக்கிறியா, கொசுவ மிதிக்கிறியா?" "உன் புருஷன் ஏன் ஓடிப்போனான்னு இப்பத்தான் தெரியுது." கியரைத் தப்பாகப் போட்டால் அவளுடைய கைமுட்டியில் கரண்டியால் அடிப்பார். மதியம் வண்டியிலேயே சோறு, கருவாடு, மிளகாய்ச் சம்பல். தனக்கு மட்டும் பொட்டலம் வாங்கிவருவார். யுஸ்னிடார் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். எட்டாம் நாள் கியர் அவள் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஒன்பதாம் நாள் பதினேழாம் பிளாக்குக்குப் போனார்கள்.

அங்கே மரங்கள் கிழடு. மட்டைகள் மேலே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, புகையை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தன. பகல் பதினொரு மணிக்கு விளக்குப் போட வேண்டியிருந்தது.

"ரிவர்ஸ் எடு. வலப்பக்கம் மட்டும் பாரு. எம் பேச்ச மட்டும் கேளு."

அவள் பின்னால் எடுத்தாள். பாதை இடது பக்கம் வளைந்தது. வாய்க்கால் எங்கே என்று தெரியாமல் எப்படி எடுப்பது? தன்னையறியாமல் கண் இடப்பக்கம் போயிற்று. துடைத்த பாதிக் கண்ணாடியில் பின்சக்கரம் தெரிந்தது.

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பெண் குந்தியிருந்தாள்.

மஞ்சள் தலைத்துணி. பக்கத்தில் ஒரு சாக்கு. தரையில் உதிர்ந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லாரி வருவது காதில் விழாதவள் போல.

யுஸ்னிடார் பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது. குதித்து இறங்கி ஓடினாள்.

யாருமில்லை.

சேற்றில் காலடித் தடமும் இல்லை. புளித்துப்போன பழத்தின் வாடை மட்டும் புகையையும் மீறி மூக்கில் ஏறியது.

குலை ஏற்றுகிற இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரிக்கவில்லை. ஒருவன் மெல்ல நகர்ந்து தள்ளி நின்றுகொண்டான்.

ஏறி வந்ததும் தோகார் கேட்டார், "ஏன் நிறுத்தின?"

"ஒரு அம்மா, பின்னால..."

"யாரும் இல்ல."

"நான் பார்த்தேன்."

"யாரும் இல்லேன்னு சொல்றேன்ல!" அவர் முகம் வேர்த்திருந்தது. "இன்னொரு தடவ அங்க நிறுத்தினா பம்பத் தூக்கிட்டுப் போயிரு. கண்ணாடில என்ன தெரிஞ்சாலும் நிறுத்தக் கூடாது. அதான் பாடம்."

ஆலை வாசலில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவள் மாக் ருஸ்னி, எல்லோருக்கும் ருஸ்னியம்மா. யாருக்கும் பயப்படாத வாய். மறுநாள் யுஸ்னிடார் காப்பி வாங்கப் போனபோது அவளே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பார்த்துட்டியாமே?"

"யாரு மாக் அது?"

"சவோதா. உதிரிப்பழம் பொறுக்குற பொம்பள. ஆறு வருஷமாச்சு. ஒன்பதாம் நம்பர் வண்டி ஏறிருச்சு."

"ஓட்டினது?"

மாக் ருஸ்னி வெளியே லாரிப் படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த தோகாரைப் பார்த்தாள். பிறகு காப்பியில் சர்க்கரையைக் கலக்கினாள்.

"உனக்கு முன்னால மூணு பேர் பழக வந்தானுங்க. ஆம்பளைங்க. ஒருத்தனும் பத்து நாள் தாங்கல. நீயும் போயிரு புள்ள."

அவள் போகவில்லை. எங்கே போவது? பம்புக்கா?

பதினேழாம் பிளாக்குக்கு நாள் தவறாமல் ஒரு நடை இருந்தது. நாள் தவறாமல் அந்தப் பெண்ணும் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் சக்கரத்துக்கு இரண்டடி தள்ளி. பதினைந்தாம் நாள் ஓரடி. குனிந்த தலை நிமிரவே இல்லை. யுஸ்னிடார் ஒவ்வொரு முறையும் பிரேக்கை மிதித்தாள். ஒவ்வொரு முறையும் தோகார் பயிற்சித்தாளில் ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

"எட்டுக் கோடு. ஒன்பதாவது விழுந்தா நீ அவ்வளவுதான்."

பதினெட்டாம் நாள் அவள் நிறுத்தவில்லை.

கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டே பின்னால் எடுத்தாள். மஞ்சள் துணி டயருக்கடியில் போவதைப் பார்த்தாள். வண்டி லேசாக எழும்பி இறங்கியது. பழுத்த குலையின் மேல் ஏறி இறங்கியது போல.

அவ்வளவுதான்.

தோகார் முதல்முறையாக அவளுக்கும் ஒரு பொட்டலம் சோறு வாங்கிவந்தார். "இப்பத்தான் நீ டிரைவர்." பிரித்துச் சாப்பிட்டபடி, கண்ணாடிப் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அன்னைக்கும் இதே மாதிரிதான். பார்த்தேன். பார்க்காம இல்ல. ஹாரன் அடிச்சா நகருவாளுங்க. எப்பவும் நகருவாளுங்க. அவ நகரல. அதுக்கு நான் என்ன பண்ண?"

யுஸ்னிடார் பொட்டலத்தை மடித்து வைத்தாள்.

அதைவிடப் பயங்கரமானது பிறகு நடந்தது. பழகிவிட்டது. இருபத்தைந்தாம் நாள் அவள் கால் பிரேக்கைத் தேடவில்லை. முப்பதாம் நாள் நெஞ்சு படபடக்கவில்லை. வண்டி எழும்பும், இறங்கும். குளித்துவிட்டுப் படுத்தால் தூக்கமும் வந்தது. சில நாள், அந்தச் சிறு எழும்பல் வராவிட்டால் ஏதோ குறைவது போலக்கூட இருந்தது.

முப்பத்தொன்பதாம் நாள் புகை மிகவும் மோசம். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் முதல்முறையாக வெள்ளை முகமூடி கொடுத்தார்கள். பதினேழாம் பிளாக்கில் காற்று மஞ்சளாக நின்றது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"எடு. இதோட முடிஞ்சுது. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

பின்னால் எடுத்தாள். கண்ணாடியில் அவள் இருந்தாள். குனிந்த தலை. சாக்கு.

கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது.

குனிந்த தலை இருமியது.

இத்தனை நாளில் அது இருமியதே இல்லை. தோள் குலுங்கக் குலுங்க இருமி, முகத்தை நிமிர்த்தியது. முகத்தில் வெள்ளை முகமூடி.

யுஸ்னிடார் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள்.

"ஏய்! போடி பின்னால!"

"ஆள் இருக்கு!"

"யாரும் இல்ல!"

"இருக்கு! உயிரோட இருக்கு!"

கைப்பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பி உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். என்ஜின் அடங்கியது. தோகார் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே இறங்கினார். ஆறு வருஷத்தில் அந்த இடத்தில் அவர் வண்டியை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான்.

பின்னால் இருந்தவள் நுர்லெலா. குலை ஏற்றுகிறவன் ஒருவனுடைய மனைவி. புகையில் திசை தெரியாமல் பாதைக்கு வந்துவிட்டவள். அவள் பதறி எழுந்து ஒதுங்குவது கண்ணாடியில் தெரிந்தது. தோகார் அவளைத் திட்டினார். அவளுடைய சாக்கைக் காலால் உதைத்தார். பழங்கள் உருண்டு சக்கரத்தடியில் சிதறின.

யுஸ்னிடாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு உயிர் தப்பியது.

அப்போது அந்த வாடை வந்தது. புளித்த பழம். வண்டிக்கு உள்ளே.

தோகார் காலி செய்துவிட்டுப் போன இருக்கை, யாரோ உட்காரும்போது கிரீச்சிடுவது போலக் கிரீச்சிட்டது.

அவள் திரும்பவில்லை.

"வரட்டும்..."

பெண் குரல். வறண்ட குரல். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கீழே நிற்பவர்கள் கொடுக்கிற அதே குரல்.

"வரட்டும்... வரட்டும்..."

சாவி அவள் கையில் இருந்தது. கைப்பிரேக் மேலே இருந்தது. இரண்டு கால்களும் பிரேக்கில் இருந்தன.

வண்டி நகர்ந்தது.

கண்ணாடியில் தோகார் நின்ற இடத்திலேயே நின்றார். ஓட வேண்டியவர் ஓடவில்லை. கீழே தன் காலைப் பார்த்தார். கறுத்த கை ஒன்று சக்கரத்தடியிலிருந்து நீண்டு, அவருடைய காற்சட்டை விளிம்பைப் பிடித்திருந்தது. பழம் பொறுக்குகிற பதமான பிடி. அவசரமே இல்லாத பிடி.

"ஹாரன் அடி," என்றது பக்கத்துக் குரல்.

யுஸ்னிடார் அலறினாள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஆனால் ஹாரன் ஒலித்தது. நீளமாக, ஒருமுறை.

வண்டி லேசாக எழும்பி இறங்கியது.

போலீஸ் வந்து எல்லோரையும் விசாரித்தது. குலை ஏற்றுகிறவர்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: வண்டி ஒரு விரற்கடைகூட அசையவில்லை, அவரே குந்தி, எதையோ பொறுக்கப் போகிறவர் போலத் தலையை உள்ளே கொடுத்தார். நுர்லெலாவும் அதையேதான் சொன்னாள். சேற்றில் டயர் தடமும் அசையாத வண்டியின் தடம்தான்; ஆனால் தோகாரின் தலை சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்தது. ஹாரன் சத்தத்தை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. தோகாரின் மனைவி ஆலை வாசலில் வந்து நின்று யுஸ்னிடாரைப் பார்த்துக் காறித் துப்பினாள். "நீ வந்த நேரம்டி!" யுஸ்னிடார் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது என்று யாரிடம் சொல்வது?

கையெழுத்துக்கு ஆள் இல்லை. அவள் மறுபடி பம்பைச் சுமந்தாள். நான்கு மாதம் கழித்து, இரண்டு மாவட்டம் தள்ளி வேறொரு தோட்டத்தில் ஆள் எடுத்தார்கள். ஓட்டிக் காட்டினாள்; எடுத்துக்கொண்டார்கள். புது லாரி, பெட்டியில் பெயின்ட்கூட உரியவில்லை. பின்னால் எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் இறங்கிப்போய்ச் சக்கரத்தடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். "மகாராணி இறங்கிட்டாங்க, வழி விடுங்கடா!" என்று மற்ற டிரைவர்கள் கத்துவார்கள். கத்தட்டும். மழை பிடித்துப் புகையெல்லாம் கரைந்து போயிருந்தது. கண்ணாடியில் சக்கரமும் செம்மண்ணும் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு நண்பகல். பழத்தைக் கொட்டிவிட்டு, வெறும் வண்டியை எடைமேடையில் ஏற்றினாள். வழக்கப்படி இறங்கி ஓரமாக நின்றாள். குமாஸ்தா சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அக்கா, வண்டில யாரு? இறங்கச் சொல்லு."

"யாரும் இல்லியே."

"வெறும் வண்டியவிட அம்பது கிலோ கூடக் காட்டுது."

"மெஷின் சரியாப் பாரு, தம்பி."

"காலையிலேர்ந்து நாப்பது வண்டி ஏத்திட்டேன். உன்னோடதுதான் இப்படி."

நல்ல வெயில். இடப்பக்கக் கதவு மூடியிருந்தது. இருக்கை காலியாக இருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. மேலே சிவப்பு எண்கள் அசையாமல் நின்றன.

பிறகு எண் குறைந்தது. சரியாக ஐம்பது.

"ஆங், இறங்கிட்டாங்க," என்றான் குமாஸ்தா. சீட்டைக் கிழித்து நீட்டினான். "போலாம் போலாம், அடுத்த வண்டி!"

அடுத்த வண்டிக்காரன் அந்த வாரம்தான் சேர்ந்தவன். பாட்டை உரக்க வைத்துக்கொண்டு மேடையில் ஏற்றி நிறுத்தி, விசிலடித்தபடி இறங்கினான்.

குமாஸ்தா மறுபடியும் தலையை வெளியே நீட்டினான்.

"ஏம்ப்பா, உன் வண்டில யாரு?"