மேட்டில் மட்டும் நிற்கும் கார்

தடால்!

இழுவை வண்டியின் கொக்கி விடுபட்டு, ஒர்க்‌ஷாப் வாசலில் அந்தப் பழைய டீசல் கார் விழுந்தது.

இடது பக்கம் முழுக்க அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஸ்டியரிங்கில் ரத்தம்... காய்ந்து கறுத்த ரத்தம்!

மெக்கானிக் நிமிர்ந்தான். தெருவில் அவனுக்குப் பெயர் பட்டாசு. கோபம் வந்தால் வெடிப்பான். வராத நேரத்தில் புகைவான்.

"இது... எங்கக்கா வண்டியாச்சே!"

பின்னாலேயே வந்து நின்ற ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். நரை விழுந்த தலையை இறுக்கிக் கொண்டை போட்ட பெண்மணி.

"உங்க அக்காதான் ஓட்டிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரி மேட்டுல இன்ஜின் நின்னுடுச்சு. இன்ஜின் நின்னதும் பிரேக் மிதிக்க முடியாம கல்லாயிடுச்சு. வண்டி பின்னாலயே உருண்டு சுவர்ல மோதியிருக்கு."

"அக்கா...?"

"உயிர் இருக்கு. நினைவு இல்ல."

அவன் கையிலிருந்த ஸ்பேனர் பறந்து சுவரில் மோதியது.

"சுவரை ஏன்டா அடிக்கறே? இதே கோளாறுக்கு மூணு தடவை உன்கிட்ட வந்த வண்டி இது. மூணு தடவையும் சரியாயிடுச்சுன்னு அனுப்பியிருக்கே!"

"இங்க வந்தா நிக்கவே மாட்டேங்குது மேடம்! நாள் பூரா ஓட விட்டுப் பார்த்தேன். குதிரை மாதிரி ஓடுது. ஓடற இன்ஜின்ல என்னத்தப் பிரிக்கிறது?"

"பிரிச்சிருந்தா உங்க அக்கா இப்ப டியூட்டி பார்த்துட்டு இருப்பாங்க. நர்ஸா போற ஆஸ்பத்திரிக்கு நோயாளியா போயிருக்காங்க!"

சுரீரென்றது அவனுக்கு.

ஜீப்பின் பின்னாலிருந்து அக்காவின் கணவர் இறங்கினார். மருந்துக்கடைக்காரர். சட்டையெல்லாம் ரத்தக் கறை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அவனைத் திட்டாதீங்க மேடம். என் கண்ணு முன்னால வளர்ந்தவன். வேணும்னா செஞ்சான்? ஏதோ கவனக்குறைவு..."

"கவனக்குறைவா? அத்தான், நீங்களுமா!"

"விடு மச்சான். நடந்தது நடந்து போச்சு. நான் வீட்டுக்குப் போய் அவளுக்குத் துணிமணி எடுத்துட்டு வந்துடறேன்."

தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டல்தான் அதிகமாக வலித்தது.

இன்ஸ்பெக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் விலங்கு.

"ஆரம்பி. ஏன் நின்னுச்சுன்னு என் கண்ணு முன்னால காட்டு. காட்டலேன்னா இது உன் கைக்கு."

பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினான்.

டீசலை அடைக்கும் சுவிட்சின் ஒயரைப் பிடித்து இழுத்தான். உறுதியாக இருந்தது! ஃபில்டரைக் கழற்றினான். சுத்தம்! டீசல் வரும் வழியில் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, சாவியைத் திருப்பினான்.

இன்ஜின் சிரித்துக்கொண்டே ஓடியது. குழாயில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை.

"பார்த்தீங்களா? என் மானத்தை வாங்கறதுக்குன்னே ஓடுது சனியன்!"

"மேட்டுலதானே நின்னுச்சு? இங்க தரை சமமா இருக்கே."

திட்ட வாயெடுத்தவன் நிறுத்தினான்.

ஜாக்கியை எடுத்தான். காரின் முன்பக்கத்தைத் தூக்கினான். இன்னும்... இன்னும்... மூக்கு வானத்தைப் பார்க்கும் அளவுக்கு!

மறுபடி சாவி.

ஓடியது. ஓடியது. ஓடிக்கொண்டே...

இருமியது!

குழாயில் டீசல் நின்றுபோயிருந்தது. இரண்டு குலுக்கல். இன்ஜின் செத்தது!

"மாட்டுச்சுடா!" கத்திக்கொண்டே குழாயைக் கழற்றி, டாங்க் பக்கமாக வாய் வைத்து ஊதினான். அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று உள்ளே விடுபட்டது.

டாங்க்கைத் திறந்தான். டீசல் அடியில்தான் கிடந்தது. அதன் மேல், நாணய அளவில் வட்டமாக ஒரு தக்கைத் துண்டு... மிதந்துகொண்டிருந்தது!

"டீசல் நிறைய இருந்தா இது மேலயே மிதக்கும் மேடம், ஒண்ணும் ஆகாது. டீசல் குறைஞ்சு வண்டியும் மேடு ஏறினா, அடியில உறிஞ்சற குழாயோட வாயில போய் ஒட்டிக்கும். இன்ஜின் செத்ததும் உறிஞ்சல் நின்னு கொஞ்ச நேரத்துல தானா விழுந்துடும். மறுபடி ஸ்டார்ட் பண்ணினா நல்ல பிள்ளை மாதிரி ஓடும்!"

"தானா உள்ள விழுந்திருக்குமா?"

"பிளேடால வட்டமா வெட்டியிருக்கு மேடம். எவனோ போட்டிருக்கான். எங்கக்காவைக் கொல்லணும்னே போட்டிருக்கான்! அவன் மட்டும் கையில கிடைச்சான்..."

இன்ஸ்பெக்டர் தக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். இன்ஜின் மூடிகளுக்கு அடியில் வைக்கும் பேக்கிங் வெட்டுவதற்காகத் தொங்கிய தக்கை ஷீட்... அதே நிறம். அதே கனம்!

க்ளிக்!

விலங்கு பட்டாசுவின் கைகளில் இருந்தது.

"மேடம்! கண்டுபிடிச்சுக் காட்டினவனுக்கே விலங்கா? இந்த ஷீட்டோட வெட்டுத் துண்டு குப்பைத் தொட்டி நிறையக் கிடக்கு. யார் வேணா எடுக்கலாம்!"

"கத்தாதே. டாங்க்கை மூடு. வண்டியை இறக்கு."

விலங்குக் கைகளாலேயே மூடினான். இறக்கினான். ஜீப்பை எங்கோ அனுப்பிவிட்டார் இன்ஸ்பெக்டர்.

பையும் கையுமாக அத்தான் வந்தார். விலங்கைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"மச்சான்! என்ன மேடம் இது? அப்படி என்னதான் கோளாறு?"

பட்டாசு வாய் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டார்.

"ஒயர் லூஸ் சார். வேற ஒண்ணுமில்ல. அதைக்கூடப் பார்க்காம விட்டிருக்கான். இப்ப மாத்தியாச்சு."

அவன் விழித்தான். எந்த ஒயர்? எவன் மாத்தினான்?

"என் ஜீப் வேற வேலையாப் போயிருக்கு. கார் ஓடுதுல்ல? நீங்களே ஓட்டுங்க. இவன் அக்காவை ஒரு தடவை பார்த்துட்டு உள்ள போகட்டும்."

"ஐயோ, தாராளமா!"

நசுங்காத பக்கமாக ஏறினார்கள்; பட்டாசுவும் இன்ஸ்பெக்டரும் பின்சீட்டில். கார் தெருமுனை திரும்பியது. பெட்ரோல் பங்க் தெரிந்ததும் அத்தானின் கைகள் தாமாகவே ஸ்டியரிங்கை ஒடித்தன.

"தம்பி, டீசல்! ஃபுல் டாங்க்!"

"எதுக்கு சார்?" பின்சீட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். "ஆஸ்பத்திரி இதோ இருக்கு. இருக்கறதே போதுமே."

"இல்ல மேடம்... மேடாச்சே. டீசல் குறைச்சலா இருந்தா நின்னுடும்."

பட்டாசுவின் முதுகு நிமிர்ந்தது.

"ஒயர் லூஸுன்னுதானே அத்தான் உங்ககிட்ட சொன்னாங்க?"

அத்தான் ஜன்னல் வழியாகப் பங்க் ஊழியரை மறுபடி கையாட்டி அழைத்தார்.

மூன்று தடவையும் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டு வந்தவர் அத்தான். மூன்று தடவையும் டாங்க் நிறைய டீசல்! எவ்வளவு பெரிய மனசு என்று அவன் நெகிழ்ந்துபோயிருக்கிறான். தக்கை மேலேயே மிதந்திருக்கிறது... இன்ஜின் எப்படி நிற்கும்?

"எங்கிட்ட வரும்போது டாங்க்கை ரொப்பிட்டு வருவே... எங்கக்காவை மட்டும் காலி டாங்க்கோட மேட்டுக்கு அனுப்புவியாடா?"

அத்தனை வருட 'நீங்க' அந்த நொடியில் காணாமல் போனது. விலங்குச் சங்கிலி அத்தானின் கழுத்தில் விழுந்து இறுகியது!

"விடுடா! உங்கக்கா மட்டும் யோக்கியமா?" அத்தான் திமிறினார். "தேதி போன மருந்தை லேபிள் மாத்தி விக்கறேன்னு புகார் குடுக்கப் போறேன்னா! கட்டின புருஷனையே காட்டிக் குடுப்பாளாம்!"

"போதும் சார். இனிமே ஸ்டேஷன்ல சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் பட்டாசுவைப் பிடித்து இழுத்து, விலங்கைக் கழற்றி அத்தானின் கைகளுக்கு மாற்றினார்.

"இவன் மேலதான் சந்தேகம்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்!"

"வண்டியைத் தொடறவங்க நீயும் அவரும்தானே. சொல்லியிருந்தா உன் மூஞ்சியே அவருக்குத் தந்தி அடிச்சிருக்கும்."

பங்க் ஊழியர் குழாயும் கையுமாக வந்து ஜன்னலில் குனிந்தார்.

"ஃபுல் டாங்க்தானே?"

இன்ஸ்பெக்டர் தலையாட்டி மறுத்தார்.

"வேணாம்ப்பா. சார் போக வேண்டிய போலீஸ் ஸ்டேஷன் இறக்கத்துலதான் இருக்கு!"