பறவைக்காரர் எந்தப் பக்கம் போனார்?

"இருட்டினா தேடறத நிறுத்திடுவாங்களாம். உங்கள விட்டா எனக்கு வேற நாதியில்ல."

வாசலில் நின்ற பெண்மணி முழங்கால்வரை சேறாக இருந்தாள். காட்டுச் சரணாலயத்தின் நடுவே அந்தப் பழைய கருங்கல் விடுதி. காலையில் இறங்கிய பனி மாலையாகியும் விலகவில்லை. பனி என்று விடுதியின் காட்சிக் கோபுரத்தைக்கூடப் பூட்டிவிட்டார்களே என்று அதுவரை நாத்தனார் புலம்பிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அண்ணி, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மா, நாற்காலியைக் காட்டினார். வந்தவளின் கணவரை விடுதியில் எல்லோரும் பறவைக்காரர் என்பார்கள். காலையிலிருந்து அவரைக் காணோம்.

"அருவிப் பக்கம்தான் போயிருப்பாரு. கிளம்புங்க அண்ணி!" நாத்தனார் துள்ளினாள்.

"உக்காருடி. காலுக்கு முன்னாடி மூளை கிளம்பட்டும்." அவர் வந்தவளிடம் திரும்பினார். "காட்டுக்குத்தான் போனாருன்னு எப்படித் தெரியும்?"

"குளிச்சிட்டு வந்தேன், ஆளில்ல. பைனாகுலர் இல்ல. வாசல் அலமாரியில பூட்ஸும் இல்ல. வனக்காவலர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திட்டாங்க. இது இல்லாம அவருக்கு எங்க கேக்கும்?" விரித்த உள்ளங்கையில் காது மிஷின். "நெஞ்சுல ஆபரேஷன் பண்ணின உடம்பும்மா. இந்தக் குளிர் தாங்காது."

"நேத்து மழையில நனைஞ்சாரா?"

"சொட்டச் சொட்ட வந்தோம்."

இன்ஸ்பெக்டரம்மா நேரே வெந்நீர் அடுப்படிக்குப் போனார். அடுப்போரம் பூட்ஸுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"ஐயோ, இது அவரோடது!"

விறகு தள்ளிக்கொண்டிருந்த விடுதிக் காவலாளி விழித்தார். "ஈர பூட்ஸ விடியறதுக்குள்ள எடுத்து இங்க வச்சிடுவேன். எப்பவும் பண்றதுதாம்மா. யாரும் என்னைக் கேக்கலியே!"

"அப்போ வெறுங்காலோட காட்டுக்குப் போனாரா?" என்றாள் நாத்தனார்.

"காட்டுக்கே போகல. பறவை தேடறவருக்குக் காட்டுல முதல்ல வேண்டியது காது. அத விட்டுட்டு பைனாகுலர மட்டும் எடுத்திருக்காரு. உக்காந்த இடத்திலேருந்து பாத்தா போதும்னு போயிருக்காரு. அறைச் செருப்போட ஏறக்கூடிய உயரம் இங்க எது?"

காவலாளியின் கையிலிருந்த விறகு விழுந்தது.

"கோபுரம்... பனி இறங்கினா ஒண்ணும் தெரியாதுன்னு பூட்டிடுவோம். கீழ நின்னு குரல் கொடுத்தேம்மா! பதில் வரல. மூட்டு வலி, மேல ஏறிப் பாக்கல..."

"கேட்டிருந்தாத்தானே பதில் வரும்? சாவிய எடுங்க."

பழுதுபார்க்க மூடிக் கிடந்த பகுதியைத் தாண்டி ஓடினார்கள். அங்கே ஆளே புழங்குவதில்லை. கோபுரத்தின் அடிக்கதவைத் திறந்து ஏறினார்கள். படிகளில் நாத்தனார் இரண்டு முறை தடுக்கினாள். உச்சியை எட்டியதும் பனிக்காற்று முகத்தில் அறைந்தது.

சுவரோரம் சுருண்டு கிடந்தார். உதடு நீலம். இன்ஸ்பெக்டரம்மா கழுத்தில் விரல் வைத்தார். விரலை நெடுநேரம் எடுக்கவில்லை.

"இருக்கு," என்றார். "கம்பளி கொண்டு வாங்க, டாக்டருக்குச் சொல்லுங்க, ஓடுங்க!"

மனைவி அவர் காதில் மிஷினை மாட்டினாள். மார்போடு அணைத்துக்கொண்டு, "கத்தியிருக்கலாமே, பாவி மனுஷா!" என்று அழுதாள்.

கண் திறந்தது. குரல் தேய்ந்து வெறும் காற்றாகத்தான் வந்தது.

"கத்திக்கிட்டேதான் இருந்தேன். சத்தம் வந்துச்சான்னுதான் தெரியல."