மூன்றாவது சீட்டு

காலை 11.12.

கறுப்பு வெல்வெட்டில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளத்தில் இருக்க வேண்டிய லென்ஸ் இல்லை.

திருப்புளி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தன் கருவிப் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எண்பத்தஞ்சைக் காணோம். யாரு எடுத்தது?"

எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் அது. ஒரு கைக்குள் அடங்கிவிடும். இறந்துபோன பெரியவர் பத்திரிகைக்காக முப்பது வருடம் எடுத்த முகங்கள் எல்லாம் அதன் வழியாக வந்தவை. பன்னிரண்டு மணிக்கு வரவிருந்த வியாபாரி போனிலேயே சொல்லிவிட்டான். அது இருந்தால் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வான், இல்லையென்றால் எதுவும் வேண்டாம்.

பெரியவரின் மூத்த மகன் போனும் கையுமாக மாடிப்படியிலிருந்து உள்ளே வந்தான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சமையலறைப் பக்கம் விரலை நீட்டினான்.

"அந்த நர்ஸைக் கூப்பிடுங்க."

திருப்புளி என்பது பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பாங்குக்கு மட்டும் தெரியும். முப்பது வருடமாகக் கேமரா பழுது பார்க்கிறாள். மூக்கு நுனியில் கோபம், அதற்குச் சற்று மேலே கண்ணாடி. அன்று பத்து மணிக்கு அந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

பதினொரு கேமராக்கள், ஒன்பது லென்ஸ்கள். அவற்றை என்ன செய்வது என்று அண்ணனும் தங்கையும் ஒரு மாதமாக முட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு மொத்தத்தையும் விற்றுத் தலைமுழுக வேண்டும். தங்கைக்கு ஒரு திருகாணிகூட வீட்டை விட்டுப் போகக் கூடாது. அண்ணன் வியாபாரியை வரச் சொல்லிவிட்டான். தங்கையிடம் கேட்கவில்லை. எது ஓடும், எது ஓடாது என்று பார்த்துச் சொல்வதற்குத் திருப்புளியை அழைத்திருந்தான்.

அவள் மூன்று சீட்டுகளில் எழுதி மேசையில் வரிசையாக வைத்தாள். ஓடுது. ஓடவைக்கலாம். தேறாது.

10.40 ஆகியும் மூன்றாவது சீட்டின் கீழ் ஒன்றும் சேரவில்லை. அவளால் நம்ப முடியவில்லை. வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த லென்ஸ் என்றால் உள்ளே பூஞ்சை வலை பின்னியிருக்கும். இங்கே ஒன்றில்கூட இல்லை.

"இதையெல்லாம் யாரு பார்த்துக்கிட்டது?"

"நான்தான்," என்றாள் நர்ஸ். மூன்று வருடம் அங்கேயே தங்கிப் பெரியவரைக் கவனித்தவள், அவர் போன பிறகும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருநீலச் சீருடை, படிய வாரிய தலை. "ஈரம் உறிஞ்சற நீலக் கல்லு இருக்குல்ல, அதைச் சனிக்கிழமை சனிக்கிழமை சட்டியில வறுத்து அலமாரிக்குள்ள வைப்பேன். ஐயா சொல்லிக்குடுத்தாரு. எனக்கு இதுல போட்டோ எடுக்கவெல்லாம் தெரியாது. கல்லு வறுக்கத் தெரியும்."

"கல்லை வறுக்கறாங்களாம்," மூத்தவன் சிரித்தான். "அப்பாவுக்குக் கஞ்சியும் அதே சட்டியிலதானோ?"

"வாயை மூடுண்ணா. அக்கா இல்லேன்னா அப்பா எப்பவோ போயிருப்பாரு." தங்கைக்குக் கண் கலங்கியிருந்தது. கறுப்புச் சேலை. இரட்டை லென்ஸ் வைத்த பழைய பெட்டிக் கேமரா ஒன்றை எடுத்துத் தன் கணவன் கழுத்தில் மாட்டிவிட்டாள். "பத்து வயசுல அப்பா எனக்கு இதைத்தான் குடுத்தாரு. நாலு ரோல் வீணாக்கினேன். அஞ்சாவதுலதான் ஒரு முழுத் தலை உள்ள வந்துச்சு. நீங்க எடுத்துப் பாருங்க. உங்களுக்குப் பத்து ரோல் ஆகும்."

"ஃபிலிமே இல்லையே."

"அதனாலதான் உங்க கையில குடுத்தேன்."

11.05க்கு டீ முடிந்தது. ஆளுக்கொரு பக்கம் கலைந்தார்கள். லென்ஸ் வளையம் கழற்றும் கருவி ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது. திருப்புளி இறங்கிப் போனாள். போகும்போது பார்த்தாள்: மாப்பிள்ளை பால்கனியில், தன் தொப்பையிடம் ரகசியம் பேசுகிறவர்போலத் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். மூத்தவன் மாடிப்படித் திருப்பத்தில் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். அந்தக் குரல் கீழே ஸ்கூட்டர் வரை கேட்டது. அவள் திரும்பி ஏறி வரும்வரை ஒரு மூச்சு நிற்கவில்லை.

அவள் உள்ளே வந்தபோது 11.12.

11.18.

"நான் மேசைப் பக்கமே வரலை சார். கப்பு கழுவிட்டிருந்தேன்."

"அலமாரிச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"மூணு வருஷமா எங்கிட்டதான். எடுக்கணும்னா இன்னைக்குத்தான் எடுக்கணுமா?"

"பேச்சைப் பாரு."

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் மாப்பிள்ளை. சொல்ல விருப்பமில்லாத குரல். "பால்கனியில இருந்து பார்த்தேன். யாரோ மேசைகிட்ட வந்தாங்க, குனிஞ்சாங்க, எதையோ எடுத்துட்டு வலப்பக்கமாப் போயிட்டாங்க. முகம் தெரியலை. கறுப்பா ஒரு உருவம், அவ்வளவுதான்."

"வலப்பக்கம்னு நல்லாத் தெரியுமா?"

"சத்தியமா."

பால்கனியிலிருந்து ஹாலைப் பார்த்தால் வலப்பக்கம் சமையலறையும் நர்ஸ் தங்கியிருந்த சின்ன அறையும். இடப்பக்கம் குளியலறையும் பெரியவரின் படுக்கையறையும். நேர் எதிரே வாசல் கதவு.

எல்லோரும் கருநீலச் சீருடையைப் பார்த்தார்கள்.

தங்கை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"நீ எங்க இருந்தே?" என்றான் அண்ணன்.

"அப்பா ரூம்ல. சட்டையெல்லாம் மடிச்சிட்டிருந்தேன். வெளியவே வரலை. அங்க யாரும் வரவும் இல்லை."

11.25.

மூத்தவன் சமையலறையைக் கலைத்தான். குளியலறையில் வாளிக்குள்ளும் தொட்டிக்குள்ளும் தேடினான். கடைசியாக நர்ஸின் பையைக் கட்டிலில் கொட்டினான். இரண்டு சீருடை, ஒரு சீப்பு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, உள்பாவாடைகள். உள்பாவாடையை உதறிப் பார்த்தான்.

"சார்," என்றாள் நர்ஸ்.

லென்ஸ் கிடைக்கவில்லை.

"ஜன்னல் வழியா யாருகிட்டயாவது குடுத்திருப்பா," என்றான். "உங்க ஏஜென்சிக்குப் போன் பண்ணிச் சொல்லியாச்சு. ஒரு மணிக்குள்ள பொருள் வரலேன்னா அடுத்தது போலீஸ்."

நர்ஸ் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏஜென்சியில திருட்டுன்னு ஒரு வார்த்தை போனாலே போதும் சார். அப்புறம் எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டாங்க. நானும் ரெண்டு பிள்ளைங்களும் இதை நம்பித்தான் இருக்கோம்."

"அதை எடுக்கறதுக்கு முந்தி யோசிச்சிருக்கணும்."

திருப்புளிக்குக் கை பரபரத்தது. ஓங்கி ஒன்று விட்டால் அவன் பல்லும் 'தேறாது' கணக்கில் சேரும். கைக்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும். பால்கனி வாசலில் நின்ற மாப்பிள்ளையிடம் போனாள்.

"அதைக் கழட்டுங்க."

இரட்டை லென்ஸ் கேமராவை வாங்கினாள். மேல் மூடியைத் திறந்தாள். வயிற்றோடு அணைத்துக் குனிந்தாள். உள்ளே கண்ணாடித் தகட்டில் ஹால் மங்கலாகத் தெரிந்தது. நர்ஸ் பையை மார்போடு அணைத்தபடி தன் அறையிலிருந்து வெளியே வந்து, மேசையைத் தாண்டி நடந்தாள். தகட்டில் அவள் போகும் பக்கமே திருப்புளி கேமராவைத் திருப்பினாள். நர்ஸ் தகட்டை விட்டு ஓடிவிட்டாள். எதிர்ப்பக்கம் திருப்பினாள். நர்ஸ் திரும்ப வந்தாள்.

திருப்புளி தன் நெற்றியில் தானே ஓர் அறை வைத்தாள். சத்தம் கேட்டது.

11.41.

"மாப்பிள்ளை சார். அந்த உருவத்தைப் பார்த்தப்ப இந்தக் கேமரா எங்க இருந்துச்சு?"

"என் கழுத்துலதான்."

"மூடி?"

"திறந்துதான் இருந்துச்சு."

"நீங்க பார்த்தது வெறுங்கண்ணாலயா, இதுலயா?"

"இதுலதான். அதுக்குத்தானே கழுத்துல மாட்டிவிட்டா."

"நிமிர்ந்தும் பார்த்தீங்களா?"

"நிமிர்ந்தேன். அதுக்குள்ள ஆளைக் காணோம்."

"நல்லது." அவள் மூத்தவனைப் பார்த்தாள். "நீங்க இங்க வாங்க. இதுக்குள்ள பாருங்க. குனிங்க சார், குனிஞ்சா கிரீடம் ஒண்ணும் விழுந்திராது." பிறகு நர்ஸிடம், "தங்கம், மேசைகிட்ட இருந்து சமையக்கட்டுக்கு நடம்மா. மெதுவா."

நர்ஸ் நடந்தாள்.

"எந்தப் பக்கம் போறாங்க?"

"இடப்பக்கம்."

"நிமிர்ந்து பாருங்க."

நிமிர்ந்தான். நர்ஸ் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். தண்ணீர் குடிக்கும் கோழியைப் போலிருந்தது.

"உள்ள ஒரே ஒரு கண்ணாடி இருக்கு," என்றாள் திருப்புளி. "அது தலைகீழா விழறதை நேராக்கும். வலம் இடத்தை மாத்தியே காட்டும். முகம் பார்க்கற கண்ணாடி மாதிரிதான். இவரு பொய் சொல்லலை. வலப்பக்கம்னு பார்த்தாரு, வலப்பக்கம்னு சொன்னாரு. எடுத்த ஆளு போனது இடப்பக்கம்."

அவள் கேமராவை வாங்கி மூடினாள்.

"இடப்பக்கம் என்ன இருக்கு? குளியலறை. அதை நீங்களே வாளியைக் கவுத்துத் தேடிட்டீங்க. பாக்கி ஒரே ரூம்தான். நீங்க படியில நின்னு கத்தினதைக் கீழ இருந்து நானே கேட்டேன், நிறுத்தவே இல்லை. இவரு பால்கனியில. நர்ஸ் உள்ள போயிருந்தா அங்க இருந்தவங்க பார்த்திருப்பாங்க. ஆனா யாருமே வரலைன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

மாப்பிள்ளை மெல்லத் தன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

அவள் அப்பாவின் அறைக்குள் போனாள். பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. கட்டம் போட்ட பழைய சட்டை ஒன்றைச் சுருட்டி எடுத்துவந்து மேசையில் வைத்தாள். சட்டைக்குள் எண்பத்தைந்து இருந்தது.

"இவன் வித்துருவான்," என்றாள். "அப்பா என்னை எடுத்த படமெல்லாம் இதுலதான். நான் திருடலை. என் அப்பாவோடது."

"சரி. அது உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் உள்ள சண்டை. ரெண்டு பேரும் தலைமுடியைப் பிடிச்சுக்கோங்க, எனக்கென்ன." திருப்புளியின் குரல் தாழ்ந்தது. அவளைத் தெரிந்தவர்கள் அந்தக் குரலுக்குத்தான் பயப்படுவார்கள். "உங்க வீட்டுக்காரரு வலப்பக்கம்னு சொன்னாரே, அப்ப என்ன செஞ்சீங்க?"

தங்கை சட்டையின் மடிப்பை நீவினாள்.

"அவரு கழுத்துல இந்தக் கேமராவை மாட்டினது நீங்க. இது பக்கத்தை மாத்திக் காட்டும்னு இந்த வீட்டுல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. நாலு ரோல் வீணாக்கிக் கத்துக்கிட்டீங்க. எனக்கும் தெரியும். நானும் இருபது நிமிஷம் மரம் மாதிரிதான் நின்னேன். கோவம் என் கண்ணை மறைச்சிருச்சு, அது என் புத்தி. உங்களுக்கு எதுவும் மறைக்கலை. தெரிஞ்சே நின்னீங்க. இவங்க உள்பாவாடையை உங்க அண்ணன் உதறினப்பவும் நின்னீங்க. வாய் நிறைய அக்கான்னு வேற கூப்பிட்டீங்க."

"சாயங்காலம் சொல்லிரலாம்னு இருந்தேன்."

"போலீஸ் வந்து போனப்புறமா?"

தங்கை நர்ஸின் பக்கம் கையை நீட்டினாள். "அக்கா..."

நர்ஸ் ஓரடி பின்னால் போனாள்.

11.52.

மூத்தவன் தொண்டையைச் செருமினான். "சரிம்மா. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. இதுல உங்களுக்குப் பிடிச்ச கேமரா ஒண்ணு எடுத்துக்கோங்க."

"எதுக்கு? நாளைக்கு அதையும் திருடிட்டேன்னு சொல்லவா?"

அவன் முகம் சிவந்தது.

"ஏஜென்சிக்குப் போன் பண்ணுங்க சார். ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டான். ஒரு பெண் குரல் கேட்டது. "சொல்லுங்க சார். பொருள் கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சு. வீட்டுலயேதான் இருந்துச்சு. ஒரு சின்னக் குழப்பம்."

"குழப்பமில்லை," என்றாள் நர்ஸ். "யாரு எடுத்தாங்கன்னு சொல்லுங்க."

அவன் தங்கையைப் பார்த்தான். தங்கை தரையைப் பார்த்தாள்.

"என் தங்கச்சி எடுத்தது," என்றான்.

"அப்ப நீங்க குடுத்த புகார்?"

"தப்பு. நான் சொன்னது தப்பு."

"அதையே எழுதி அனுப்பணும்," என்றாள் நர்ஸ். "அனுப்பற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

நின்றாள். அவன் போனில் எழுதினான். எழுதியதை வாங்கிப் படித்தாள். "திருட்டு நடக்கலைன்னு போட்டா போதாது. என் பேர்ல தப்பு இல்லைன்னு போடுங்க." அவன் சேர்த்து எழுதினான். அனுப்பினான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வாசல் வரை போனவள் நின்றாள். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்.

"நாளைக்குச் சனிக்கிழமை. நீலக் கல்லு சட்டியிலயே இருக்கு. நிறம் மாறியிருச்சு. யாராவது வறுத்து வைங்க."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்று இருவருக்கும் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

11.58. அழைப்பு மணி அடித்தது. வியாபாரி இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டான்.

திருப்புளி கருவிகளைப் பையில் போட்டாள். மேசையிலிருந்து முதல் சீட்டை எடுத்தாள், இரண்டாவது சீட்டை எடுத்தாள். மூன்றாவதை அங்கேயே விட்டாள். அதன் ஒரு பக்கம் அண்ணன் நின்றிருந்தான், மறுபக்கம் தங்கை.

கதவை அவளே திறந்தாள். நர்ஸை முன்னால் போகவிட்டாள்.

"எல்லாம் நல்லா இருக்குங்களா?" என்று கேட்டான் வியாபாரி.

"கேமராவெல்லாம் நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.